ஆத்தங்குடிக் கல்லும் வெள்ளைச் சுவரும்: டிவிடிக்குச் சப்டைட்டில் படம் செய்வது எப்படி

காரைக்குடிப் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்று வீடியோ எடுத்துத் தொகுக்கிறவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது: "ஆச்சி பேசுறது கோலாலம்பூர்ல இருக்க பேரன் பேத்திக்குப் புரியணும். கீழ இங்கிலீஷ்ல போட்டுக் கொடுங்க. தமிழ்லயும் இருக்கட்டும்." தமிழ் எதற்கு என்று கேட்க வேண்டாம். வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால், கல் தரையிலும் வழவழப்பான சுவரிலும் குரல் எதிரொலித்துப் பாதிச் சொல் கரைந்துவிடும். காது மந்தமான பெரியவர்களுக்குத் தமிழ் வரி இல்லாமல் ஓடாது.

டிவிடி பிளேயருக்கு எழுத்து தெரியாது. அதற்குள் ஃபான்ட் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் படமாகத்தான் வட்டுக்குள் போகிறது. இந்த நேரத்தில் இந்தப் படத்தைக் காட்டு, இந்த நேரத்தில் எடு, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. எழுத்து படமாகிவிட்டால் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அந்தப் படத்தையே மறுபடி செய்ய வேண்டும். அதனால்தான் இந்த வேலையில் வரிசை முக்கியம். புதிதாக வருகிற தம்பிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்வதால்தான்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொகுப்பு முடிந்த வீடியோ, டிவிடிக்கான எம்பெக்-2 வடிவில். நம் ஊருக்குப் பால் (PAL) என்ற டிவி முறை: 720க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம். மலேசியா, சிங்கப்பூருக்கும் இதே முறைதான்.

டைம்கோடு, அதாவது எந்த வரி எந்த நேரத்தில் வரும் என்ற குறிப்பு, போட்ட உரை. வேர்டில் தட்டியதோ, எக்செல்லோ, எஸ்ஆர்டி கோப்போ (நேரமும் வரியும் மட்டும் உள்ள சப்டைட்டில் உரைக்கோப்பு), எதுவாக இருந்தாலும் சரி.

மென்பொருளில் மூன்று போதும். நேரமும் உரையும் திருத்தச் சப்டைட்டில் எடிட் அல்லது ஏஜிசப். உரையைப் படமாக்க அதே சப்டைட்டில் எடிட்டின் பட ஏற்றுமதி, இல்லையென்றால் பாங்கோ (இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் நிரல்) வசதியோடு நிறுவிய இமேஜ்மேஜிக். படங்களை வீடியோவில் பின்ன, டிவிடிஆத்தர் என்ற வட்டு அமைக்கும் மென்பொருளோடு வரும் ஸ்பியூமக்ஸ். எல்லாம் இலவசம்.

அப்புறம், அழித்து எழுதக்கூடிய வட்டு ஒன்று, சாதாரண டிவி, பழைய டிவிடி பிளேயர். இவை எதற்கென்று கடைசியில் தெரியும்.

2. தொகுப்பு உண்மையிலேயே முடிந்ததா?

"முடிஞ்சிருச்சு அண்ணே" என்பதை நம்பாதீர்கள். மாப்பிள்ளை அழைப்பில் பத்து நொடியை வெட்டினால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை வரியும் பத்து நொடி தள்ளிப்போகும். வீட்டுக்காரர்களிடம் ஒருமுறை முழுதாகப் போட்டுக் காட்டி, சரி என்று வாங்கிய பிறகே நேரத்தைத் தொடுங்கள்.

நான் ஒருமுறை இதைச் செய்யாமல், 400க்கு மேல் படங்களைச் செய்து முடித்த பிறகு, "முன்னால ஒரு பிள்ளையார் படம் போடுங்க" என்று வந்தார்கள். ஐந்து நொடிப் பிள்ளையார்தான். படங்கள் தப்பித்தன, நேரப்பட்டியல் முழுவதையும் நகர்த்த வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் பிள்ளையாரை முதலிலேயே வைத்துவிட்டுத்தான் வேலை.

3. உரையை யூனிகோடுக்கு மாற்றிச் சுத்தம் செய்யுங்கள்

இங்கே தட்டச்சுக் கடைகளில் இன்னும் பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கோப்பைச் சப்டைட்டில் மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினி ஃபான்டைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். இடையில் வருகிற ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழ்க் குப்பையாக மாறும், எழுத்துப்பிழை தேடவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை ஓட்டுங்கள். அடிக்கடி சிக்குவது "கௌ". ஒற்றைக் கொம்புக்குப் பக்கத்தில் "ள" போட்டுக் "கெள" என்று அடித்திருப்பார்கள். திரையில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மாற்றும் கருவி அதை வேறு எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், தேடினாலும் அகப்படாது. "கொ", "கோ"வில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடந்து, நடுவில் புள்ளிவட்டம் தெரிந்தால் அதையும் இங்கேயே திருத்துங்கள்.

ஆச்சியின் பேச்சைத் திருத்தாதீர்கள். "அவுக வந்தாக" என்று சொன்னால் அப்படியே போடுங்கள். கேட்பது ஒன்று, படிப்பது ஒன்று என்றால் கண்ணும் காதும் சண்டை போடும். ஆங்கில வரியில் வளவு, கொட்டான் (ஓலைக் கூடை), கழுத்திரு (செட்டிநாட்டுக் கல்யாணத் தாலி) போன்றவற்றை ஒலிபெயர்த்துவிட்டுப் போவதே மேல். கழுத்திருவை வெறும் கழுத்துமாலை என்று மொழிபெயர்த்து, வீட்டுப் பெண்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

4. டைம்கோட்டைக் கணக்குப் போட்டு மாற்றுங்கள்

எடிட்டிங் மென்பொருள் நேரத்தை மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று தரும். எஸ்ஆர்டி கோப்பு மணி, நிமிடம், நொடி, மில்லிநொடி என்று கேட்கும். கடைசி எண்ணில்தான் ஏமாறுவோம்.

எடுத்துக்காட்டாக 00:12:07:14 என்று இருக்கிறது. இதில் 14 என்பது ஃபிரேம். 25 ஃபிரேமுக்கு ஒரு நொடி என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. ஆக 14 பெருக்கல் 40, 560. எஸ்ஆர்டியில் 00:12:07,560 என்று வர வேண்டும். புதியவர்கள் 14ஐ அப்படியே நூறில் பதினான்காக எடுத்து 140 என்று போடுவார்கள். ஏறக்குறைய அரை நொடி முன்னதாக வரி வந்து நிற்கும். எல்லா வரியும் ஒரே அளவு பிசகினால் உடனே கண்டுபிடித்துவிடலாம். இதில் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் அளவு பிசகும். அதனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும், என்னவென்று தெரியாது.

பிசகு எந்த மாதிரி என்று பார்த்தாலே காரணம் தெரியும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவு தள்ளி இருந்தால், டைம்லைன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை. சில மென்பொருள்கள் முதல் ஃபிரேமை 01:00:00:00 என்று எண்ணும், அந்த ஒரு மணியைக் கழித்துவிடுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை. நொடிக்கு 24 என்று கணக்கிட்ட நேரங்களை 25இல் ஓடும் வீடியோவுக்குப் போட்டால், ஒரு மணி நேர முடிவில் 2 நிமிடம் 24 நொடி வித்தியாசம் வந்துவிடும்.

முதல் வரி, நடுவில் ஒரு வரி, கடைசி வரி. மூன்றையும் வீடியோவோடு வைத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். முதல் வரி சரியாக இருக்கிறது என்று நகர்ந்தவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

5. வரியைப் பிரியுங்கள், படிக்க நேரம் கொடுங்கள்

ஒரு படத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரிக்கு ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் போதும். ஆங்கிலத்துக்குச் சொல்கிற எழுத்து எண்ணிக்கையைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். கணினி "கொ"வை இரண்டாக எண்ணும், நம் கண்ணுக்கு அது ஒன்று. ஆனால் அகலம் ஆங்கில எழுத்தைவிட அதிகம். அதைவிட, வாய்விட்டு ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். படித்து முடிக்கும் நேரமாவது அந்த வரி திரையில் நிற்க வேண்டும். ஒரு நொடிக்குக் குறையக் கூடாது, ஏழு நொடியைத் தாண்டவும் கூடாது.

சொற்களை உறவு பிரியாமல் வெட்டுங்கள். "எங்க அப்பச்சி / பர்மாவுல இருந்து வந்தப்ப" சரி. "எங்க / அப்பச்சி பர்மாவுல இருந்து வந்தப்ப" என்றால் மேலே ஒற்றைச் சொல் தொங்கும்.

அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே இரண்டு மூன்று ஃபிரேம் இடைவெளி விடுங்கள். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் நிற்கும். ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் மேலேறினால் முதலாவது பாதியில் வெட்டுப்படும், அல்லது பின்னும்போது பிழை வரும். சப்டைட்டில் எடிட்டில் இதைத் தேடித் திருத்தும் வசதி இருக்கிறது. கண்ணால் தேட வேண்டாம்.

6. ஃபான்டைச் சோதியுங்கள்: "அண்ணன்" நின்றால் எல்லாம் நிற்கும்

கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருக்கிற ஃபான்ட் எல்லாம் டிவிடிக்கு ஆகாது. 576 வரிக்குள் அடங்க வேண்டும். அதில் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது முப்பத்தைந்து பிக்சல் உயரம். "ண"வுக்கு மூன்று சுழி, "ன"வுக்கு இரண்டு. மூன்று சுழியையும் அந்த இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் கறுப்பு ஓரம் கட்டினால், ஓரம் உள்ளே வழிந்து சுழிகளை அடைத்துவிடும். பிறகு "ண" எது, "ன" எது என்று டிவிக்கு முன்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது.

அதனால் முதலில் ஒரே ஒரு சோதனை வரியைப் படமாக்குங்கள். நான் வைத்திருப்பது: "செட்டிநாட்டு ஆச்சி அண்ணனுக்குக் கொட்டான் பின்னினாக." இதில் முன்கொம்பு இருக்கிறது, கொம்பும் காலும் இருக்கிறது, ண்ண, ன்ன அருகருகே இருக்கிறது, கீழே இறங்கும் "கு" இருக்கிறது, மேலே ஏறும் "சி" இருக்கிறது, புள்ளிகள் இருக்கின்றன.

பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, "செ"யில் கொம்பு "ச"வுக்கு முன்னால் நிற்கிறதா? பின்னால் விழுந்தால் அந்த மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. பழைய டிவிடி ஆத்தரிங் மென்பொருள்களில் நேரடியாகத் தமிழ் தட்டினால் இப்படித்தான் ஆகும். நாம் படமாகச் செய்து கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். இமேஜ்மேஜிக்கில் பாங்கோ வழியாக எழுதினால் சரியாக வரும்.

இரண்டு, புள்ளி தெரிகிறதா? டிவிடி படம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறித் துலங்குவது. ஒரு பிக்சல் உயரமுள்ள கோடோ புள்ளியோ பழைய டிவியில் நடுங்கும். புள்ளி குறைந்தது மூன்று பிக்சலாவது இருக்கட்டும்.

மூன்று, சுழி திறந்திருக்கிறதா?

நோட்டோ சான்ஸ் தமிழ், சற்றே தடித்த எடை, 36 பிக்சல், இரண்டு பிக்சல் கறுப்பு ஓரம். என் கைக்கு இது ஒத்துவருகிறது. மிகவும் தடித்த எடையில் சுழி அடையும், மெல்லிய எடையில் கோடு நடுங்கும். ஆங்கில வரிக்கு 30 பிக்சல் போதும்.

7. படமாக்குங்கள்: முதலில் பெரிதாக, பிறகு சுருக்கம், கடைசியில் நிறக்குறைப்பு

சப்டைட்டில் படத்தில் ஒரு பிக்சலுக்கு இரண்டு பிட் மட்டுமே. அதாவது ஒரு படத்தில் நான்கே நிறம். அந்த நான்கும் 16 நிறம் கொண்ட ஒரே தட்டிலிருந்து வர வேண்டும். நமக்குத் தேவை: பின்னணி, வெள்ளை, கறுப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல். சாம்பல் எதற்கென்றால், எழுத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியாமல் இருக்க.

தலைப்பில் சொன்ன வரிசை மாறக் கூடாது. முதலில் இரண்டு மடங்கு அளவில் எழுதுங்கள். அகலத்திரை வீடியோ என்றால் 2048க்கு 1152, பழைய 4:3 என்றால் 1536க்கு 1152. அதை 720க்கு 576 ஆகச் சுருக்குங்கள். எழுத்து ஒடுங்கித் தெரியும், பயப்பட வேண்டாம். டிவிடியின் பிக்சல் சதுரம் கிடையாது, பிளேயர் அதை இழுத்துக் காட்டும்போது சரியாகிவிடும். இந்தச் சுருக்கத்தைச் செய்யாமல் நேராக 720இல் எழுதினால், அகலத்திரையில் எழுத்தெல்லாம் உட்கார்ந்த பூசணிக்காய் மாதிரி இருக்கும்.

சுருக்கிய பிறகே நான்கு நிறமாகக் குறையுங்கள். முதலில் நிறத்தைக் குறைத்துவிட்டுச் சுருக்கினால், சுருக்கும்போது புதிது புதிதாக நூறு சாம்பல் முளைக்கும். பின்னும் கட்டத்தில் "நிறம் அதிகம்" என்று நின்றுவிடும்.

சேமிப்பது பிஎன்ஜி, நிறப்பட்டியல் வகை. ஜேபெக் கூடவே கூடாது. கண்ணுக்கு நான்கு நிறம் தெரிந்தாலும் உள்ளே ஆயிரம் இருக்கும். எல்லாப் படத்துக்கும் அதே நான்கு நிறக் குறியீடுகள் இருக்கட்டும். ஒரு படத்தில் வெள்ளை 235, இன்னொன்றில் 240 என்று போனால் 16 இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நம் ஊர்ப் படங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பேட்டி எடுக்கிற வீட்டில் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், கீழே தரையில் ஆத்தங்குடிக் கல்லின் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் வண்ணத் தரை ஓடு) பூ வேலைப்பாடு. சப்டைட்டில் வந்து உட்காருவது சரியாக அந்தப் பூவின் மேல். வெள்ளை எழுத்தும் மெல்லிய ஓரமும் அங்கே தொலைந்துபோகும். அந்த மாதிரி வீடியோவுக்குப் பின்னணியை முழுதாகத் தெளிய விடாமல், எழுத்துக்குப் பின்னால் பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை வையுங்கள். டிவிடியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16 படி ஒளி ஊடுருவல் உண்டு, அதனால் இது முடியும். பட்டை ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் சாம்பலைத் தியாகம் செய்ய வேண்டும். தரை தெரியாத காட்சியாக இருந்தாலும், ஒரே வட்டில் பாதிக்குப் பட்டை, பாதிக்கு ஓரம் என்று கலக்காதீர்கள்.

கோப்புப் பெயர்கள் 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில். வெறும் 1, 2 என்று வைத்தால் கணினி 10ஐ 2க்கு முன்னால் அடுக்கும். ஆச்சி சிரிக்கும்போது அழுகை வரி வந்து நிற்கும்.

8. அடிக்கோட்டைப் பிடித்து உட்கார வையுங்கள்

அடிக்கோடு என்பது எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோடு. எழுத்தைச் சுற்றி வெறும் இடத்தை வெட்டிவிட்டு, கீழ் விளிம்பை வைத்து நிறுத்துவது பலரும் செய்வது. ஆங்கிலத்தில் அவ்வளவாகத் தெரியாது. தமிழில் "கு", "ழு", "ஞ" கீழே இறங்கும். "பாட்டா பாட்டா" என்றொரு வரி, அடுத்து "குழு" என்றொரு வரி. கீழ் விளிம்பை ஒட்டி வைத்தால் இரண்டாவது வரியின் எழுத்துகள் பத்து பிக்சல் மேலேறி நிற்கும். படம் முழுக்க வரி குதித்துக்கொண்டே இருக்கும்.

வெட்டாதீர்கள். ஒவ்வொரு படமும் முழு 720க்கு 576 ஆக இருக்கட்டும். வெற்றிடம் சுருங்கித்தான் வட்டில் எழுதப்படும், இடம் பிடிக்காது. கீழ்வரியின் அடிக்கோடு மேலிருந்து 500ஆம் பிக்சலில், மேல்வரியின் அடிக்கோடு 452இல். ஒற்றை வரி என்றால் 500இல். எப்போதும் இரட்டைப்படை எண். திரையின் கீழ்ப் பத்து விழுக்காட்டையும், இரு பக்கமும் 72 பிக்சலையும் வெறுமையாக விடுங்கள். பழைய டிவிகள் ஓரத்தை விழுங்கும்.

9. பின்னுங்கள்

ஸ்பியூமக்ஸுக்கு ஒரு எக்ஸ்எம்எல் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம், படத்தின் பெயர். கையால் எழுத வேண்டாம், எஸ்ஆர்டியிலிருந்து எக்செல்லில் சேர்த்து எடுத்துவிடலாம். முடிவு நேரத்தை விட்டுவிடுவது வழக்கமான பிழை. அடுத்த வரி வரும்வரை பழைய வரி மௌனத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு தடம். முதலில் தமிழ், தடம் 0. அதிலிருந்து வருகிற கோப்பை உள்ளே கொடுத்து ஆங்கிலம், தடம் 1. இரண்டாவது ஓட்டத்துக்குப் பழைய மூல வீடியோவையே கொடுத்துவிட்டு, தமிழ் எங்கே போயிற்று என்று தேடியவர்கள் உண்டு.

இந்தக் கோப்பை இனி வேறு எந்த மென்பொருளிலும் திறந்து மறுபடி சேமிக்காதீர்கள். ஸ்பியூமக்ஸ் நிறத்தட்டைத் தனியாக உள்ளே செருகி வைக்கிறது, டிவிடிஆத்தர் அதைப் படித்துக்கொள்ளும். நடுவில் வேறொன்று புகுந்தால் அது உதிர்ந்து, எழுத்து பச்சையாகவோ ஊதாவாகவோ வரும்.

10. வட்டுக்கு அமைத்தல்

டிவிடிஆத்தரில் தடங்களுக்கு மொழி சொல்லுங்கள்: தமிழுக்கு "டிஏ", ஆங்கிலத்துக்கு "இஎன்". சொல்லாவிட்டால் ரிமோட்டில் வெறும் எண் வரும். தொடக்கத்திலேயே தமிழ் வரி தெரிய வேண்டும் என்றால் சப்டைட்டில் மதிப்பை 64 என்று வையுங்கள், ஆங்கிலம் என்றால் 65. முதல் தடத்தைக் குறிக்க 0 என்று போட்டால் தடம் தேர்வாகும், ஆனால் திரையில் காட்டாது.

அத்தியாயப் புள்ளியை ஒரு வரி திரையில் நிற்கும்போது வைக்காதீர்கள். அங்கே தாவி வருகிறவருக்கு அந்த வரி தெரியாது, அதன் தரவு முந்தைய அத்தியாயத்தில் போய்விட்டது. வரி தொடங்குவதற்குச் சற்று முன் வையுங்கள்.

11. டிவிக்கு முன்னால் சோதனை

கணினியில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் ஓடினால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விஎல்சி பல தவறுகளை மன்னித்துவிடும், வீட்டு முகப்பில் இருக்கிற பழைய டிவிடி பிளேயர் மன்னிக்காது. அழித்து எழுதும் வட்டில் எழுதி, டிவியில் போட்டு, பத்தடி தள்ளி உட்காருங்கள். ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அமுக்கி இரண்டு தடமும் மாறுகிறதா, வேகமாக ஓட்டி நிறுத்தினால் வரி திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் அந்த வீட்டில் ஒருவரை உடன் உட்கார வையுங்கள். ஒரு வீட்டில் அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ஏப்பா, சூரக்குடிக்கு 'ற' ஏன் வந்துச்சு?" என்று கேட்டார்கள். நாங்கள் மூன்று பேர் மூன்று முறை பார்த்தும் "சூறக்குடி" கண்ணில் படவில்லை. அப்படி அகப்படும் பிழைக்கு உரையைத் திருத்தி, அந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி செய்து, 9ஆம் படியிலிருந்து தொடருங்கள். உரைக் கோப்பையும் பட்டியலையும் அழிக்காமல் வைத்திருந்தால் அரை மணி நேர வேலை.

12. அமெரிக்காவுக்கும் ஒரு வட்டு கேட்டால்

கேட்பார்கள். அங்கே பல பிளேயர்கள் என்டிஎஸ்சி என்ற அந்த ஊர் டிவி முறை வட்டை மட்டுமே எடுக்கும்: 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃபிரேம். வீடியோவை நீளம் மாறாமல் மாற்றியிருந்தால், மில்லிநொடியில் உள்ள நேரப்பட்டியல் அப்படியே பொருந்தும், அதைத் தொட வேண்டாம். ஃபிரேம் எண்ணில் வைத்திருந்தவர்கள் மட்டும் 4ஆம் படிக்குத் திரும்ப வேண்டும்.

படங்கள் மட்டும் எல்லாமே புதிதாக. 576 உயரப் படத்தை 480க்கு நசுக்காதீர்கள். நான்கு நிறமாகக் குறைத்த படம் அது, 7ஆம் படியில் சொன்ன நூறு சாம்பல் மறுபடி முளைக்கும். உரையிலிருந்து திரும்பச் செய்யுங்கள். 36 பிக்சல் எழுத்து இங்கே 30. "அண்ணன்" சோதனையை மறுபடி போடுங்கள், அந்த உயரத்தில் சுழி அடைபடும். அப்படி அடைந்தால் ஓரத்தைக் குறைக்காமல், எழுத்தை 32 ஆக்கி, நீளமான வரிகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.